தோற்றவரின் வாக்குகள்: தீவகத் தொகுதியின் தேர்தல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தேர்தல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். இன்ன ஆண்டில், இன்ன தொகுதியில், இன்னார் தெரிவுசெய்யப்பட்டார் என்பதோடு அவர்தம் பணி முடிந்துவிடுகின்றது. தோற்றவரின் பெயர் அட்டவணையின் இரண்டாம் வரியிலோ மூன்றாம் வரியிலோ இடம்பெறும். அதன்பின் அவரை எவரும் நினைப்பதில்லை. ஆயின், ஒரு சமுதாயம் ஒரு குறித்த காலத்தில் எதனை வேண்டி நின்றது என்பதை வென்றவரின் வாக்குகள் காட்டுமாயின், அதே சமுதாயம் எதனை ஏற்க மறுத்தது என்பதைத் தோற்றவரின் வாக்குகளே காட்டுகின்றன. இவ்விரண்டாவது சான்றினைப் புறக்கணிக்கும் வரலாறு அரை வரலாறே ஆகும். 1970ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நடைபெற்ற பொதுத் தேர்தலில், யாழ்ப்பாணத்துத் தீவகத் தொகுதியாகிய ஊர்காவற்றுறையிலும், குடாநாட்டின் வடகரைத் தொகுதியாகிய காங்கேசன்துறையிலும் தோற்ற மூவரை முன்னிறுத்தி இக்கருத்தினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தீவகத் தொகுதியின் இயல்பினை நோக்குவோம். வேலணை, ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களைக் கொண்ட லைடன் தீவும், புங்குடுதீவு, மண்டைதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பனவும் இப்பகுதியிற் சேர்ந்தவை. பண்ணைத் தாம்போதி லைடன் தீவை யாழ் நகரோடு இணைக்கின்றது. புங்குடுதீவு மற்றொரு தாம்போதியினால் வேலணையோடு இணைகின்றது. ஏனையவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் படகே கதி. நெடுந்தீவில் நிறைந்த வாக்குப்பெட்டி கடல் கடந்தே எண்ணும் நிலையத்தை அடையவேண்டும். அங்கு வாக்குக் கேட்கச் செல்லும் வேட்பாளரும் குறிகட்டுவான் துறையிற் காத்து நின்று, காற்றையும் அலையையும் கணித்தே செல்லவேண்டும். இத்தகைய தொகுதியிற் கட்சி அமைப்பின் துணையின்றித் தனித்து நின்று போட்டியிடுவது எத்துணை அரியதென்பது சொல்லாமலே விளங்கும்.

இத்தொகுதியின் அரசியல் வரலாறு வெறுமையான ஒரு பக்கத்தோடு தொடங்குகின்றது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ்ச் சட்டசபைக்கு முதற் தேர்தல் நடந்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பு அழைப்பினை ஏற்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. பூரண சுயராச்சியத்தைத் தராத அரசியல் திட்டம் வேண்டாம் என்பதே அன்றைய வாலிபரின் வாதம். 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்று அவ்வாசனங்கள் நிரப்பப்பட்டன. 1936இல் வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி ஊர்காவற்றுறையின் உறுப்பினராகிச் சட்டசபையின் சபாநாயகராகவும் விளங்கினார். சுதந்திரத்தை ஒட்டி 1947இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலிலும், 1952இலும் அல்பிரட் தம்பிஐயா வெற்றி பெற்றார். தனிச் சிங்களச் சட்டத்தின் நிழல் படர்ந்த 1956இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீ. ஏ. கந்தையா இத்தொகுதியைக் கைப்பற்றினார். அன்று தொட்டுத் தீவகம் தமிழரசுக் கட்சியின் கோட்டையாயிற்று. கந்தையாவின் மறைவை அடுத்து 1963இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவரே வ. நவரத்தினம் ஆவார்.

நவரத்தினம் கரம்பனிற் பிறந்தவர், தொழிலாற் சட்டத்தரணி, தமிழரசுக் கட்சியின் தொடக்க காலத்திலிருந்தே அதன் முன்னணி உறுப்பினர். 1965ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அவரே வெற்றி பெற்றார். அத்தேர்தலின் பின், டட்லி சேனநாயக்கவுக்கும் செல்வநாயகத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி தமிழரசுக் கட்சி அரசாங்கத்திற் பங்குகொண்டது. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைகள் அமையும் என்ற நம்பிக்கையே இக்கூட்டின் அடிப்படையாகும். அந்நம்பிக்கை ஆண்டுக்காண்டு தேய்ந்தது. 1968இல் ஆட்பதிவுச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நவரத்தினம் தம் கட்சியின் நிலைப்பாட்டுக்கு மாறாக அதனை எதிர்த்தார். அதன் விளைவாகக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். மாவட்ட சபைத் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. திருச்செல்வமும் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1969இல் தமிழரசுக் கட்சி அரசாங்கத்துடனான தொடர்பை முற்றாக முறித்துக்கொண்டது.

கட்சியை இழந்த நவரத்தினம் ஓய்ந்திருக்கவில்லை. 1969இல் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். சமஷ்டி என்பது சிங்களத் தலைமை ஒருபோதும் தரப்போவதில்லாத ஒன்று. ஆதலின் தமிழர் தம்மைத் தாமே ஆளும் உரிமையை நேரடியாகக் கோரவேண்டும் என்பது அவர் முடிபு. யூத மக்கள் தமக்கென ஒரு நாட்டை அமைத்த கதையைக் கூறும் லியோன் யூரிசின் 'எக்ஸோடஸ்' நாவலை 'நமக்கென்றொரு நாடு' என்ற பெயரில் தமிழாக்கித் தந்தவரும் அவரே. அம்மகுடமே அவரது அரசியலின் சுருக்கம் எனலாம். இக்கொள்கையோடுதான் அவர் 1970இல் மீண்டும் ஊர்காவற்றுறை வாக்காளர் முன் வந்து நின்றார்.

அவரை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நிறுத்திய வேட்பாளர் சாதாரணமானவர் அல்லர். கலாநிதி கா. பொ. இரத்தினம் வேலணை மண்ணின் மைந்தர். மலாயாப் பல்கலைக்கழகத்திற் தமிழ் கற்பித்தவர். திருக்குறளைப் பரப்புவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். 1965இலிருந்து கிளிநொச்சியின் பாராளுமன்ற உறுப்பினர். ஆகவே இப்போட்டி இரு தீவகத்தவருக்கு இடையிலானது. தமிழ்ப் பற்றிலும் ஒருவர்க்கு ஒருவர் குறைந்தவரல்லர். வேறுபாடு கொள்கையில் மட்டுமே இருந்தது. அவ்வேறுபாட்டைத் தமிழரசுக் கட்சி தன் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே வெளிப்படையாக எழுதியது. நாட்டைப் பிரிப்பது நாட்டுக்கும் நன்மை தராது, தமிழ் பேசும் மக்களுக்கும் நன்மை தராது. ஆதலின் பிரிவினை கோரும் எவ்வியக்கத்துக்கும் ஆதரவளிக்க வேண்டாம் என்று அது மக்களைக் கேட்டுக்கொண்டது. நவரத்தினம் போன்றோரை மனத்திற் கொண்டே இவ்வேண்டுகோள் விடுக்கப்பட்டதென்பது வெளிப்படை.

தீவக மக்கள் அவ்வேண்டுகோளை ஏற்றனர். இரத்தினம் வென்றார், ஏழாண்டுகள் தொகுதியின் உறுப்பினராயிருந்த நவரத்தினம் தோற்றார். இதற்குரிய காரணங்களைச் சிந்தித்தல் வேண்டும். வீட்டுச் சின்னத்தின்மீது மக்கள் கொண்டிருந்த பற்று முதலாவது. கட்சியை விட்டு நீங்கியவர் எவராயினும் அவரைத் துரோகியாகக் காணும் மனப்பாங்கு நம்மிடையே புதியதன்று. மூன்றாவது காரணம் தீவகத்துக்கே உரியது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய இடங்களைச் சேர்ந்த வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தி வாழ்ந்தவர்கள். தீவில் வீடும் கோயிலும், தெற்கிற் தொழிலும் முதலும் என அவர்தம் வாழ்வு இரு முனைகளில் வேரூன்றியிருந்தது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் காயத்தை அவர்கள் மறந்தவரல்லர். எனினும் கலவரம் ஓய்ந்ததும் மீண்டும் கடை திறந்தவர்கள். நாடு பிரியின் தம் கடை எந்தப் பக்கத்திற் கிடக்கும் என்ற வினா அவர்தம் உள்ளத்தில் எழுந்திருக்குமென ஊகிப்பது தவறாகாது.

இனி, வடகரைத் தொகுதியாகிய காங்கேசன்துறைக்கு வருவோம். ஊர்காவற்றுறையில் நிகழ்ந்தது தனியொருவரின் தோல்வியா, அன்றிக் கொள்கையொன்றின் தோல்வியா என்பதை ஒப்புநோக்கி அறிவதற்கு இத்தொகுதி உதவுகின்றது. அங்கு தமிழரசுக் கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகத்தை எதிர்த்து நின்றவர்களுள் இருவர் நம் கவனத்துக்குரியவர்கள்.

ஒருவர் சி. சுந்தரலிங்கம். பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்தவர். 1947இல் வவுனியாவின் உறுப்பினராகி, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். பிரசாவுரிமைப் பிரச்சினையை ஒட்டி அப்பதவியைத் துறந்தவர். ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே தனித் தமிழரசு ஒன்றே வழி எனக் கூறத் தொடங்கிவிட்டார். அக்கோரிக்கையோடு 1960 மார்ச் மாதத் தேர்தலில் வவுனியாவிற் தோற்றார். அதன்பின் அவர் பாராளுமன்றத்துக்குத் திரும்பவே இல்லை. எனினும் போட்டியிடுவதை விட்டாரல்லர். எழுபத்தைந்தை அண்மித்த வயதில், 1970இல், காங்கேசன்துறைக்கு வந்து செல்வநாயகத்தையே எதிர்த்து நின்றார், தோற்றார். அவரது வாழ்க்கையில் முரண்பாடும் உண்டு. தமிழர்க்கு உரிமை கேட்ட அதே மனிதர், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிற் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவதை முன்னின்று எதிர்த்தார். தம் மக்களுள் ஒரு பகுதியினரைக் கோயில் வாசலில் நிறுத்தியவர் கேட்ட அரசில் அப்பகுதியினர்க்கு என்ன இடம் இருந்திருக்கும் என்ற வினாவுக்கு அவரது அரசியலில் விடையில்லை.

மற்றவர் வி. பொன்னம்பலம். இவர் கொம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். 1970இல் அக்கட்சி ஐக்கிய முன்னணியின் அங்கமாயிருந்தது. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒன்றுபட்டாலன்றித் தமிழரின் பிரச்சினை தீராது என்பது இடதுசாரிகளின் வாதம். செல்வநாயகம் என்னும் பெருந்தலைவரை அவரது சொந்தத் தொகுதியில் எதிர்ப்பது தோல்வியை அறிந்தே ஏற்பதாகும். பொன்னம்பலம் அதனை 1970இலும் ஏற்றார். ஐந்தாண்டுகளின் பின் மீண்டும் ஏற்றார்.

ஆக, 1970இல் தனியரசுக் கோரிக்கை தீவகத்திலும் வடகரையிலும் ஒருங்கே தோற்றது. இத்தனைக்கும் அவ்வாண்டு யாழ்ப்பாண வாக்காளர் கட்சிக்கும் தலைவருக்கும் கண்மூடித்தனமாகக் கட்டுப்பட்டவரல்லர். வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கமும் நல்லூரில் இ. மு. வி. நாகநாதனும் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றனர். யாழ்ப்பாணத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரமும் தமிழரசுக் கட்சியினரிடம் தோற்றனர். இரு பெருங் கட்சிகளின் தலைமைகளையுமே தண்டிக்கத் துணிந்த மக்கள் அவர்கள். அவ்வாறிருந்தும் பிரிவினையை முன்வைத்தவரை அவர்கள் தெரிவுசெய்யவில்லை. சுதந்திரம் பெற்று இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, இரண்டு ஒப்பந்தங்கள் கைவிடப்பட்ட பின்னரும், இந்நாட்டிலேயே ஒரு தீர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கையைத் தமிழ் வாக்காளர் இழந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை. நவரத்தினத்தின் தோல்வி கொழும்புக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். அக்கடிதம் அங்குப் படிக்கப்படவில்லை.

படிக்கப்படவில்லை என்பதற்கு அடுத்துவந்த ஆண்டுகளே சாட்சி. பல்கலைக்கழக அனுமதியிற் தரப்படுத்தல் வந்தது. 1972 மே 22இற் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சோல்பரி அரசியல் திட்டத்தில் சிறுபான்மையோர் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு அகன்றது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. இதனை மக்கள் ஏற்கின்றனரா என்பதைச் சோதிக்கச் செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரிற் தம் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலோ இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நடத்தப்படவில்லை. இதற்கிடையில், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் உயிரிழப்பில் முடிந்தது. 1975 பெப்ரவரி 6ஆம் நாள் காங்கேசன்துறையில் வாக்களிப்பு நடந்தபோது செல்வநாயகம் 25,927 வாக்குகளும், வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். பெரும்பான்மை 16,470. அத்தீர்ப்பைத் தமிழரின் இறைமைக்கான ஆணையாகவே கொள்வதாகச் செல்வநாயகம் அறிவித்தார்.

அந்த 9,457 வாக்குகளைப் பற்றி நம் வரலாற்றாசிரியர் பெரிதும் பேசுவதில்லை. வாக்களித்தோரில் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர், உணர்ச்சி உச்சத்தில் இருந்த அவ்வேளையிலும், தம்மை வருத்திய அரசாங்கத்தின் பங்காளிக் கட்சி வேட்பாளரையே ஆதரித்தனர். அவர்கள் அனைவரும் அரசாங்கத்தின் செயல்களை ஏற்றவர் எனக் கொள்ளல் பொருந்தாது. சாதிக் கொடுமைக்கெதிராக இடதுசாரிகள் நடத்திய போராட்டங்களை மறவாதோரும், உழைப்பவர் ஒற்றுமையில் நம்பிக்கை வைத்தோரும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். ஒருமித்த குரல் எனக் கூறப்பட்டதனுள் ஒலித்த மற்றொரு குரல் அது. பொன்னம்பலமும் பின்னாளிற் தம் கட்சியினின்று நீங்கிச் செந்தமிழர் இயக்கத்தைத் தொடங்க நேர்ந்தமை, அக்குரலுக்கும் தெற்கில் உரிய செவி கிடைக்கவில்லை என்பதையே உணர்த்துகின்றது.

1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுக்கான ஆணையை வெளிப்படையாகக் கேட்டுப் பதினெட்டு ஆசனங்களை வென்றது. ஊர்காவற்றுறையில் அதன் சார்பில் வென்றவர் யார்? 1970இல் நவரத்தினத்தைத் தோற்கடித்த அதே கா. பொ. இரத்தினமே. ஏழாண்டுகளுக்கு முன் பிரிவினைக்கு ஆதரவளிக்க வேண்டாம் எனக் கேட்ட கட்சியினரே இப்பொழுது அதனைக் கேட்டனர். மறுத்த தொகுதியே இப்பொழுது வழங்கியது. வேட்பாளர் மாறவில்லை, தொகுதி மாறவில்லை, மக்களும் மாறவில்லை. இடைப்பட்ட ஏழாண்டுகளில் நிகழ்ந்தவையே தீர்ப்பினை மாற்றின.

தோற்றவரின் கொள்கையைப் பின்னர் வென்றவரே எடுத்துக்கொள்ளுதல் உலக வரலாற்றில் அரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் நோர்மன் தோமஸ் என்பார் சோஷலிசக் கட்சியின் சார்பில் 1928 தொடக்கம் 1948 வரை ஆறு தடவை ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டு ஆறு தடவையும் தோற்றார். ஆயின் அவர் வற்புறுத்திவந்த முதியோர் ஓய்வூதியம், வேலையற்றோர் காப்புறுதி முதலியன, அவரைத் தோற்கடித்த ரூஸ்வெல்ற்றின் ஆட்சியிலேயே சட்டமாயின. எனினும் ஒரு வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. அங்கு ஆளுவோர் தோற்றவரின் வாக்குகளைப் படித்தனர். அவற்றின் பின்னிருந்த குறையைத் தீர்க்க முற்பட்டனர். இங்கு அத்தோல்வி தமிழர் அமைதியடைந்துவிட்டனர் என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டதுபோலும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் தேவை. பிற்காலத்தில் வெற்றி பெற்றமையால் ஒரு கருத்துச் சரியானதாகிவிடாது. இறுதிவரை தோற்றமையாற் பிழையானதாகியும் விடாது. நவரத்தினத்தின் கோரிக்கை 1977இல் வென்றது. அதன்பின் வந்த நெடும் போரில் தீவகம் பட்ட துயரத்தை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பொன்னம்பலத்தின் கொள்கையோ ஒருபோதும் வெல்லவில்லை. எது நன்று என்பதைத் தேர்தல் முடிவு தீர்மானிப்பதில்லை. அவ்வேளையில் மக்கள் எங்கு நின்றனர் என்பதை மட்டுமே அது கூறும். ஆயின் அதனைப் பொய்யின்றிக் கூறும். அதுவே அதன் பெருமை.

அப்பெருமையையும் தீவகம் இழந்த காலம் ஒன்றுண்டு. 1983இல் ஆறாவது திருத்தத்தின்கீழ்ச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். 1990இல் தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். 1994ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்புப் பெரும்பாலும் அரசபடையின் கட்டுப்பாட்டிலிருந்த தீவகத்திலேயே நடைபெற்றது. ஏறத்தாழ 10,700 வாக்குகளைப் பெற்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன. 1975இற் காங்கேசன்துறை என்னும் ஒரு தொகுதியில் மட்டும் தோற்றவர் பெற்ற வாக்குகளோ 9,457. மக்கள் நிறைந்திருந்தபோது ஓர் ஆசனத்தையும் தராத அளவான வாக்குகள், மக்கள் இல்லாதபோது ஒன்பது ஆசனங்களைத் தந்தன. தோல்விக்கும் பொருள் இருந்த காலம் அது. வெற்றியும் பொருளிழந்த காலம் இது. இரண்டையும் ஒரே கடற்பரப்புக் கண்டது.

இன்று ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவாக உள்ளது. விகிதாசார முறையிற் தொகுதிக்கொரு உறுப்பினர் என்ற வழக்கு மறைந்தமையால், தீவகத்தில் நின்று தோற்றார் என ஒருவரைச் சுட்டிக் கூறும் வாய்ப்பும் மறைந்தது. ஆயினும் ஒவ்வொரு தேர்தலிலும் வெல்ல முடியாது என அறிந்தே நியமனப் பத்திரத்தில் கையொப்பமிடுவோர் இருக்கவே செய்கின்றனர். அவர்களை எள்ளி நகையாடுதல் எளிது. அவருக்கு வாக்களித்த சிலர் ஏன் வாக்களித்தனர், வாக்களிக்காத பலர் ஏன் மறுத்தனர் என வினவுவதே வரலாற்று மாணவர் செய்யவேண்டுவது. 1970 மே மாதத்தில் நெடுந்தீவிலிருந்து படகேறிய வாக்குப்பெட்டியினுள் இருந்த விடையை ஆட்சியாளர் படித்திருப்பின், பின்வந்த வரலாறு வேறாயிருந்திருக்கும் என உறுதியாகக் கூற இயலாது. ஆயின் படிக்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலையை நாம் அறிவோம்.